தண்ணிப் பக்கம் இழுக்கிற வண்டி

— கையை எடுங்க மாமா. வண்டியை நான் பாத்துக்கறேன். நீங்க அந்த நாற்காலியில போய் உக்காருங்க.

— ஏன், நான் பக்கத்துல நின்னா உன் ஸ்பேனருக்கு வெக்கமா?

— ஆமா, அதுக்குக் கூச்ச சுபாவம். போங்க.

— இரு இரு. ஆயில் மாத்தணும்னு நீதானே போன் போட்டுக் கூப்பிட்டே? ஆயிலை மாத்து. ஹேண்டில் பாரை எதுக்குப் புடிச்சு ஆட்டறே?

— நாலு சக்கர பைக்கு மாமா, சர்வீஸ்னு வந்தா எல்லாத்தையும்தான் பாக்கணும்.

— எல்லாத்தையும் வேண்டாம். ஹேண்டில் நல்லாத்தான் இருக்கு.

— இங்க மெக்கானிக் யாரு, நீங்களா நானா?

— நீதான். நான் உன் அக்காவைக் கட்டிக்கிட்டு மாட்டிக்கிட்டவன்.

— யாரு மாட்டிக்கிட்டதுன்னு அக்காகிட்ட கேட்டாத் தெரியும். ... மாமா.

— என்ன?

— இந்த இடது முன் சக்கரத்துல பாசி சுத்தியிருக்கு.

— நாள் பூரா வாய்க்கால் கரையில ரோந்து போற வண்டி. பாசி சுத்தாம பட்டு நூலா சுத்தும்?

— கரை மேல ஓட்டினா மண்ணுதான் ஒட்டும். பாசி தண்ணிக்குள்ள இருக்கறது. அதுவும் இடது பக்கம் மட்டும். கால் வைக்கிற இடம் வரைக்கும் சேறு.

— கழுவிட்டுத்தானே கொண்டாந்தேன்...

— ஆம்பளைங்க பாத்திரம் கழுவின மாதிரி கழுவியிருக்கீங்க. மேல மட்டும் மினுக்குது. சொல்லுங்க, வாய்க்கால்ல இறங்கிட்டீங்களா?

— நான் இறங்கல. ரெண்டு சக்கரம் இறங்குச்சு.

— அப்ப நீங்க?

— நான் மேல தொங்கிக்கிட்டு இருந்தேன். ஒரு மரத்து வேரு தடுத்துச்சு, பொழைச்சேன். வண்டியை மேல இழுக்கறதுக்குள்ள இடுப்பு வரைக்கும் நனைஞ்சுட்டேன்.

— விளையாட்டா சொல்றீங்களே மாமா. எவ்வளவு ஆழம் அங்க?

— என்னை விட ஒரு ஆள் உசரம் ஜாஸ்தி.

— ... அக்காவுக்குத் தெரியுமா?

— அவளுக்கு எதுக்கு? ஏன் நனைஞ்சு வந்திருக்கேன்னு கேட்டா. மதகுல ஷட்டர் ஒழுகுச்சு, அடைக்கப் போனேன்னு சொன்னேன்.

— நம்பினாளா?

— உங்க அக்கா எதை நம்பியிருக்கா? தலையை ஆட்டிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தா.

— சரி, இப்ப நேரா பதில் சொல்லுங்க. வண்டி இடது பக்கம் இழுக்குதா?

— வண்டி இழுக்கல.

— பின்ன எப்படி தண்ணிக்குப் போச்சு?

— நான்தான் கொண்டு போனேன்.

— தூங்கிட்டீங்களா?

— இல்ல.

— போன் பாத்தீங்களா?

— அட இல்லம்மா. ... சொன்னா சிரிக்கக் கூடாது.

— சிரிக்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டா நிக்கிறீங்க?

— என் இடது கை சரியா இல்ல.

— சரியா இல்லன்னா எப்படி?

— சாயங்காலம் ஆனா மரத்துப் போகுது. விரல் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. சட்டைப் பட்டன் மாட்ட வரல. முந்தாநாள் டம்ளர் கையை விட்டு நழுவிடுச்சு, தண்ணி நல்லா குளுந்திருந்துச்சுன்னு ஒரு சாக்குச் சொன்னேன். உனக்கு எங்க அண்ணனை ஞாபகம் இருக்கா?

— பெரிய மாமாவை மறக்க முடியுமா?

— அவருக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா?

— ... வேண்டாம் மாமா.

— இடது கைதான். முதல்ல பட்டன். அப்புறம் டம்ளர். அப்புறம் சோத்துக் கரண்டி. அப்புறம் கட்டில்ல படுத்தவருதான். கடைசியில பேச்சும் போயி, கண்ணால மட்டும் என்னைக் கூப்பிடுவாரு. நான்தான் குளிப்பாட்டினேன் அவரை. எனக்குத் தெரியாதா அது எப்படி வரும்னு?

— உங்களுக்கு இப்ப எது வரைக்கும் வந்திருக்கு?

— பட்டன் ஆச்சு, டம்ளர் ஆச்சு.

— கரண்டி?

— அதை வலது கையாலதானே புடிக்கிறேன். அதனால தெரியல.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போனா சொல்லிடுவாரே.

— நல்லா இருக்கே நியாயம்.

— பயமா இருக்கும்மா. உன்கிட்ட சொல்றதுக்கு என்ன? ரொம்பப் பயமா இருக்கு. அதான் நாளைக்கு வண்டிச் சாவியை ஆபீஸ்ல ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன். மதகுச் சாவடியில உக்காந்து தண்ணி மட்டம் சொல்ற வேலை ஒண்ணு இருக்கு. அதைக் கேப்பேன். உக்காந்தே செய்யலாம்.

— ஒரு எடத்துல உக்கார்ற ஆளா நீங்க? உங்க கல்யாண மேடையிலயே நாலு தடவை எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சிட்டு வந்தீங்க.

— அது உங்க அக்காவைப் பாத்த பயம்.

— பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. ஆனா வண்டியைப் பாக்காமயே கைதான் காரணம்னு எப்படி முடிவு பண்ணீங்க?

— பாக்காம இல்ல. தொப்பையனும் இதைத்தான் ஓட்டறான். மதியத்துக்கு மேல எனக்கு மாத்து ஆளு அவன்தான். ஒரு வாரமா வண்டி எப்படிப் போகுதுன்னு கேட்டேன். அண்ணே, கோடு போட்ட மாதிரி போகுதுன்னான். நல்லா யோசிச்சுப் பாரு. ஒரே வண்டி, ஒரே கரை. அவன் ஓட்டினா நேரா போகுது. நான் ஓட்டினா தண்ணியைப் பாத்துப் போகுது. அப்ப கோளாறு யாருகிட்ட? நீ ஆயிலை மாத்து.

— நீங்க ஒண்ணு பண்ணுங்க. முக்குக் கடையில போய் ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க. அதுக்குள்ள நான் முன் பக்கத்தைக் கழட்டிப் பாத்து வைக்கிறேன்.

— வேண்டாம். இங்கதான் நிப்பேன்.

— டீ நல்லா இருக்கும் மாமா.

— வந்ததுலேர்ந்து என்னை விரட்டறதுலயே குறியா இருக்கியே, என்ன சங்கதி?

— ஒரு சங்கதியும் இல்ல. நீங்க நின்னா எனக்கு வெளிச்சம் மறைக்குது.

— இந்தா, தள்ளி நிக்கிறேன். போதுமா?

— சரி, சும்மா நிக்காதீங்க. அந்தக் காத்து அளக்கறதை எடுங்க. பெருசு இல்ல, அந்தச் சின்னது. இது பலூன் டயரு. கார்ல வைக்கிற காத்துல ஆறுல ஒரு பங்குகூட இருக்காது. பெரிய கேஜ் வச்சா முள்ளு அசையாது. வலது பக்கம் எவ்வளவு காட்டுது?

— அஞ்சு.

— இடது பக்கம்?

— நாலு. ... நாலுக்கும் கொஞ்சம் கீழே. ஏய், இது குறைச்சலா?

— குறைச்சல்தான். காத்து கம்மியா இருக்கற பக்கம் வண்டி சாயும்.

— அப்ப இதுதானா?

— இருக்கலாம் மாமா. இருக்கும். இதுவேதான்னு வச்சுக்குங்களேன்.

— வச்சுக்கறதாவது? அடி காத்தை. அடிச்சிட்டு ஓட்டிப் பாத்துடுவோம். வாசல் வரைக்கும் போயிட்டு வரேன்.

— மெதுவா. ... மெதுவா மாமா, செவுத்துல போய் முட்டிக்காதீங்க.

— ...

— என்ன ஆச்சு?

— அதேதான்.

— கொஞ்சம்கூடக் குறையலையா?

— அதே இழுப்பு. நாலு தப்படி போறதுக்குள்ள கை வலிக்குது. பாத்தியா, நான் சொன்னேன்ல. ... சரி விடு. கொஞ்ச நேரம் ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதான்.

— இறங்குங்க. முன் சக்கரத்தை மேலே கீழே புடிச்சு ஆட்டிப் பாக்கறேன். ... ம். இப்ப பக்கவாட்டுல. ... ம்.

— என்ன, ம் ம்னு? ஆடுதா?

— ஆடல. எல்லாம் கெட்டியா இருக்கு. ஹேண்டில்லேர்ந்து சக்கரத்துக்குப் போற கம்பி ரெண்டும் நேரா இருக்கு. எதுவும் தேயல, வளையல.

— நல்ல வண்டின்னுதானே சொன்னேன்.

— ஒரு நிமிஷம், போன். ... ம், சொல்லுங்க. ... இல்ல, இன்னும் இல்ல. ... பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ... எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ... சரி. ... சரி சரி, வைங்க.

— யாரு?

— வண்டி எப்ப ரெடியாகும்னு கேக்கற ஒரு ஆளு. காலையிலேர்ந்து நச்சரிப்பு. ... மாமா, நிஜமாவே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.

— நீ ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறே?

— கிரீஸ் நெடி.

— பொறந்ததுலேர்ந்து கிரீஸ்ல பொரண்டவ நீ. உனக்கு நெடியா? இங்க பாரு, எனக்காக வருத்தப்படாதே. அக்காகிட்டயும் சொல்லிடாதே, நானே நேரம் பாத்து சொல்லிக்கிறேன். கையைப் பத்தி யோசிச்சு யோசிச்சு எனக்கே அலுத்துப் போச்சு. இந்தக் கையை வச்சுப் புடிக்கிறதும் ஒண்ணுதான், புடிக்காம கையைக் கட்டிக்கிட்டு ஓட்டறதும் ஒண்ணுதான்.

— என்ன சொன்னீங்க?

— எது?

— கையைக் கட்டிக்கிட்டு.

— சும்மா ஒரு பேச்சுக்கு...

— ஏறுங்க மாமா. வண்டி மேல ஏறுங்க. இந்தச் சாய்தளத்து மேல ஏத்தி நியூட்ரல்ல போடுங்க. நான் பின்னாலேர்ந்து தள்ளறேன், அதுவா உருளட்டும். நீங்க ஹேண்டிலைத் தொடக்கூடாது. கையைக் கட்டிக்குங்க.

— விழுந்தா?

— எறும்பு வேகத்துல போற வண்டியில யாரு விழுவா? ஹேண்டில் நேரா இருக்கா? இப்ப கையைக் கட்டுங்க. ரெண்டு கையையும். ... தள்ளறேன். ... என்ன கனம் மாமா, அக்கா சோத்துல என்ன போடறா?

— பாசத்தை.

— சிரிக்க வைக்காதீங்க, தம் போயிடும். ... போகுது. தொடாதீங்க. தொடாதீங்க மாமா.

— தொடல. ... ஏய். ... ஏய், தானா திரும்புது.

— எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.

— உங்க கை எங்க இருக்கு?

— கக்கத்துல.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— கை ரெண்டும் கக்கத்துல இருக்கு. வண்டி அதுவா இடது பக்கம் போச்சு. ... நீ ஏன் தரையில உக்காந்துட்டே?

— கால் வலிக்குது. காலையிலேர்ந்து நிக்கிறேன். உக்காரக் கூடாதா?

— உக்காரு, உக்காரு. ... ஆனா இரும்மா. உன் வாசல் தரையே இடது பக்கம் சாஞ்சிருந்தா? சாஞ்ச தரையில எந்த வண்டியும் அப்படித்தானே போகும்? அதுக்குள்ள சந்தோஷப்படக் கூடாது நான்.

— நல்லா கேட்டீங்க. அந்த டப்பாவுல பேரிங் குண்டு கிடக்கும், ஒண்ணு எடுங்க. வண்டி நின்ன எடத்துல வைங்க. நீங்களே வைங்க. ஊதிவிடாதீங்க.

— வச்சேன். ... ஓடுது.

— எந்தப் பக்கம்?

— வலது பக்கம். ... வலது பக்கமா?

— தரை வலது பக்கம் சாஞ்சிருக்கு. வண்டி மேட்டைப் பாத்து இடது பக்கம் ஏறுது. புடிக்கறதுக்குக் கையே இல்ல. இப்ப கோளாறு யாருகிட்ட?

— அப்ப தொப்பையன் சொன்னது? அவன் பொய் சொல்ற ஆளு இல்லையே.

— அவரு எங்கேர்ந்து எங்க ஓட்டறாரு?

— நான் காலையில மேல் மதகுலேர்ந்து கீழ் மதகுக்குக் கொண்டு போவேன். அங்க அவன்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு, ஆபீஸ் ஜீப்புல ஏறி வீட்டுக்கு வந்துடுவேன். அவன் கீழேர்ந்து மேல கொண்டு போவான்.

— நீங்க போறப்ப தண்ணி எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.

— அவரு போறப்ப?

— அதே கரைதானே, அவனுக்கு வலது பக்கம்...

— கரை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?

— மழைத் தண்ணி வடியணும்னு வாய்க்கால் பக்கமாத்தான்... ஓ.

— சொல்லுங்க.

— அவனைக் கரை வலது பக்கம் தள்ளும். வண்டி இடது பக்கம் இழுக்கும். ரெண்டும் சேர்ந்து... நேரா போகும்.

— உங்களுக்கு?

— ரெண்டும் ஒரே பக்கம். தண்ணிக்கு.

— அவரு ஒரு நாளும் உங்க பக்கமா ஓட்டினதில்ல. நீங்க ஒரு நாளும் அவரு பக்கமா ஓட்டினதில்ல.

— இத்தனை நாளா ஒரே வண்டியை ரெண்டு பேரும் ஓட்டறோம். இதை யோசிக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே.

— வாங்க இப்ப. பக்கத்துல வந்து உக்காருங்க, நீங்களே பாருங்க. ஜாக்கி போடறேன். ... வலது சக்கரத்தைச் சுத்திவிடுங்க.

— சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.

— இடது?

— ... அரைச் சுத்துல நின்னுடுச்சு. உரசுற சத்தம் கேக்குது.

— உள்ளே தட்டு மாதிரி இருக்குல்ல, பிரேக் தட்டு. வலது பக்கத்துத் தட்டைத் தொடுங்க.

— சாதாரணமா இருக்கு.

— இடது பக்கத்தைத் தொடுங்க. இடது கையால.

— ... ஸ்ஸ். சுடுது. நல்லா சுடுதுடி.

— மரத்துப் போன கைக்குச் சுடுதாமே?

— சுடுதும்மா. எடுத்த கையில இன்னும் எரியுது. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா, இந்த எரிச்சல்.

— நீங்க பிரேக்கை விட்டாலும் இந்தப் பக்கம் மட்டும் விடறதில்ல. உள்ளே வண்டல் போயி இறுகிக் கிடக்கு. ஒரு சக்கரத்தை ஒருத்தன் புடிச்சு வச்சுக்கிட்டா வண்டி அந்தப் பக்கம்தானே திரும்பும்? அதைத் திரும்ப விடாம நீங்க தினமும் காலையெல்லாம் இடது கையால முட்டுக் கொடுத்து ஓட்டியிருக்கீங்க. எந்தக் கைதான் மரத்துப் போகாது? வண்டி ஓட்டாத நாள்ல பட்டன் மாட்ட வருதா?

— லீவு நாள்ல நான் எங்க சட்டை போட்டேன்? பனியன்தான்.

— போன மாசம் உங்க தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் தங்கினீங்களே, அப்ப பனியனோடவா நின்னீங்க?

— அப்ப... முழுக்கை சட்டை. கைப்பட்டனெல்லாம் நானே மாட்டினேன். பந்தியில வாளி தூக்கிப் பரிமாறினேன். கை நல்லாத்தான் இருந்துச்சு. அண்ணனுக்கும் நடுவுல கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, அது மாதிரின்னு நினைச்சு, அன்னிக்கும் பயந்தேன்.

— நல்லா இருந்ததுக்கும் பயந்தீங்களா? உங்களை என்ன பண்றது மாமா.

— என்னை ஒண்ணும் பண்ண வேண்டாம். பிரேக்கைப் பண்ணு.

— புடிங்க இதை. இந்தப் பின்னைக் கழட்டணும், சண்டித்தனம் பண்ணும். ... வருது. வந்துடுச்சு. பாருங்க, இது நகரணும். எங்க நகருது? சேறு காஞ்சு சிமிட்டி மாதிரி இருக்கு. நல்லா தேச்சு எடுங்க. ... இன்னும். ... இப்ப கிரீஸ். ... மாட்டியாச்சு. சுத்துங்க.

— சுத்துது. ... நிக்கவே இல்ல. நீ பாரேன், நிக்கவே மாட்டேங்குது.

— சின்னப் புள்ளை காத்தாடியைப் பாக்கற மாதிரி பாக்காதீங்க. ஓட்டுங்க போங்க. கேட்டைத் தாண்டி ரோட்டு முனை வரைக்கும் போயிட்டு வாங்க.

— ...

— என்ன மாமா, போனவரு இவ்வளவு நேரம்?

— முனை வரைக்கும் போயிட்டு, அங்கேர்ந்து இன்னொரு முனைக்கும் போனேன்.

— எப்படி?

— ஒரு விரலால புடிச்சேன். இடது கை, சுண்டு விரல். நேரா போகுது. எனக்கு எதாவது பேசணும்னு இருக்கு, என்ன பேசறதுன்னு தெரியல. ரோட்டுல ஒருத்தன் பாத்துட்டு ஏன்யா அழுவறேன்னான். புது வண்டிய்யான்னு சொல்லிட்டு வந்தேன்.

— நாளைக்குச் சாவி?

— எந்தச் சாவி? கேட்டாக்கூடக் கொடுக்க மாட்டேன்.

— இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்.

— காட்டறேன். இப்ப பயமில்லாம போவேன். போற வழியில தொப்பையனையும் பாத்து, நாளைக்கு நீ என் பக்கமா ஓட்டுடான்னு சொல்லணும். ... கையெல்லாம் கிரீஸு, துடைக்க எதாவது இருக்கா? இந்தத் துணியை எடுத்துக்கட்டுமா?

— அது வேண்டாம். வேற தரேன், இருங்க.

— உள்ளே என்னமோ சுத்தி வச்சிருக்கே. ... இது சக்கரத்துப் பக்கம் வர்ற பால் ஜாயின்ட்டுதானே? இப்படித் தேஞ்சு கடகடன்னு ஆடுது. ஏய், என் வண்டியில எதுவும் தேயலன்னு சொன்னே?

— அது உங்க வண்டியோடது இல்ல. காலையில பழைய இரும்புக் கடையில பொறுக்கிட்டு வந்தது.

— இதை எதுக்குப் பொறுக்கினே?

— உங்க வண்டியிலேர்ந்து கழட்டினேன்னு காட்டறதுக்கு.

— புரியலையே.

— அக்கா நேத்தே வந்துட்டா மாமா. பட்டன், டம்ளர் எல்லாம் பாத்திருக்கா. ராத்திரியெல்லாம் கையை மூடி மூடித் தொறந்து பாக்கறாருடி, அவங்க அண்ணனையே நினைச்சுக்கிட்டு இருக்காருன்னு, இந்த நாற்காலியில உக்காந்துதான் அழுதா. ஆயில் மாத்தணும்னு கூப்பிடச் சொன்னது அவ. போன்ல நச்சரிச்சதும் அவதான்.

— ... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா துண்டை எடுத்துக் கொடுத்தா?

— ஆமா. வண்டியில ஒண்ணும் இல்லன்னாலும், எதையாவது காட்டி வண்டிதான்னு சொல்லிடு, ஒரு மாசமாவது நிம்மதியா தூங்கட்டும்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுப் போனா. உங்களை டீ குடிக்க விரட்டிட்டு, அதுக்குள்ள இதுல ஆயிலைப் பூசி வச்சுக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியா இதுதான் மாமா கோளாறுன்னு நீட்டணும்னு ஏற்பாடு. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து, வண்டி தானா இடது பக்கம் போச்சு பாருங்க, அந்தப் பொய்யே தேவைப்படல... கால் வலின்னு சொன்னேன்ல, கால் வலி இல்ல மாமா. எனக்கு நிக்கவே முடியல.